கமலேஸ்வரிக்கென்று கட்டிய பெட்டி

கமலேஸ்வரி வீட்டை விட்டுப் போனது போன ஆவணியில், ஒரு வியாழக்கிழமை. அன்று காலை பாக்கியரத்தினம் தொண்ணூற்றாறாவது பற்றரிச் செல்லின் இரண்டு முனைகளிலும் மீற்றர் கம்பிகளை வைத்து, அது காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று. படலை திறபட்ட சத்தம் கேட்டது. தலை நிமிரவில்லை.

“என்ன, கிளினிக் அதுக்குள்ள முடிஞ்சுதோ?”

“கிளினிக் முடியேல்ல. உங்கட பெட்டிதான் முடிஞ்சுது.”

கமலேஸ்வரி அநுராதபுரச் சந்தியிலிருந்து பாலையூற்று வரைக்கும் தன் மின்சார ஸ்கூட்டியை வெயிலில் தள்ளிக்கொண்டு வந்திருந்தார். மாதத்தில் ஒருநாள் வரும் முழங்கால் கிளினிக். அந்த முழங்காலை வைத்துக்கொண்டுதான் தள்ளினார். வழியில் இரண்டு ஓட்டோக்காரர்களும் ஒரு பொலிஸ்காரரும் உதவி செய்யட்டோ என்று கேட்டிருக்கிறார்கள். மூவருக்கும் அவர் சொன்ன பதில், “வேண்டாம் தம்பி, இது எங்கட வீட்டு விசயம்.”

ஸ்கூட்டியின் இருக்கைக்குக் கீழே வழக்கமாக இருக்கும் பெரிய பற்றரிப் பெட்டி அங்கே இல்லை. அவர்களின் சின்னத் தெருவுக்கென்று இருக்கும் ஒழுங்கை முன்னேற்றச் சங்கத்தின் தலைவர் இரத்தினசிங்கம் முதல்நாள் பின்னேரம் வந்து, கோயில் திருவிழாவுக்கு மைக் போட வேண்டும் என்று கேட்டிருந்தார். பாக்கியரத்தினம் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இடத்தை நிரப்பப் பழைய சின்னப் பெட்டி ஒன்றை வைத்துவிட்டார். அதை மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

“நீர் ஆஸ்பத்திரிக்குப் போட்டு வரத்தானே, சின்னது காணுமெண்டு நினைச்சன்.”

“கோயிலுக்குப் பெரிசு. எனக்குச் சின்னது.”

“பிள்ளையார் காரியத்துக்கு எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?”

“பிள்ளையார் கேக்கேல்ல. இரத்தினசிங்கத்தார்தான் கேட்டவர்.”

பாக்கியரத்தினம் தொண்ணூற்றேழாவது செல்லை எடுத்தார். கமலேஸ்வரி முகம் கழுவி, சேலை மாற்றி, ஒரு பையில் உடுப்பும் மருந்தும் கிளினிக் கொப்பியும் வைத்தார். மட்டக்களப்பில் கல்லடியில் அவருடைய தங்கை இருக்கிறார். ஒன்றரை மணிக்குப் பஸ். போகும்போது வாசலில் நின்று, கோபமில்லாமல், கடைக்குச் சாமான் சொல்லிவிடுவதுபோலச் சொன்னார்:

“எனக்கெண்டு ஒரு பெட்டி. ஒருத்தருக்கும் குடுக்காத பெட்டி. அது ஸ்கூட்டிக்குள்ள ஒரு கிழமை அசையாமல் இருந்தா எனக்குச் சொல்லுங்கோ. வாறன்.”

நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பாக்கியரத்தினம் அதைக் கேட்டு நிம்மதிப்பட்டார் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பெண்சாதி கோபித்துக்கொண்டு போனால் என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியாது. பெட்டி கட்டத் தெரியும்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. துறைமுகத்தில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பாரந்தூக்கிகளுக்கும் வெளிச்சக் கோபுரங்களுக்கும் கரண்ட் கொடுத்த மனிதர், நாடு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்த இருபத்திரண்டாம் ஆண்டில், மகள் விட்டுவிட்டுப் போன லெப்டொப்பின் செத்த பற்றரியை மேசைக் கத்தியால் பிளந்து பார்த்தார். உள்ளே கட்டைவிரல் அளவில் ஆறு உருளைகள் இருந்தன. அவைதான் லித்தியம் செல்கள். ஆறில் ஒன்றுதான் செத்திருந்தது. மற்ற ஐந்தும் நல்ல உயிரோடு கிடந்தன. ஒருவன் செத்ததற்காக ஆறு பேரையும் குப்பையில் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுகொண்ட அந்த நாளிலிருந்து அவர் பழைய மனிதர் இல்லை.

கிண்ணியாவில் பழைய இரும்பு யாவாரம் செய்யும் ஹிஸ்புல்லா அவருக்குச் செத்த பற்றரிகள் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் கொடுக்கல் வாங்கல் கல்யாணத் தரகர் வந்துபோவதுபோல நடக்கும்.

“பாக்கியண்ணே, இது கொழும்பில பெரிய கந்தோரொண்டில இருந்த லெப்டொப். ஏசிக்குள்ளயே வளந்தது. சூடே தெரியாது.”

“வயசு?”

“நாலு வரும்.”

“பாத்துத்தான் சொல்லுவன்.”

பார்ப்பது என்றால் சாதாரணப் பார்வை இல்லை. ஒவ்வொரு செல்லையும் முழுக்க நிரப்பி, ஒரு கிழமை தனியே விடுவார். ஒரு கிழமைக்குப் பிறகும் தன் அழுத்தத்தை விடாமல் வைத்திருந்தால் அது நல்ல செல். பிறகு சுமை கொடுத்துப் பார்ப்பார். குணத்தில் ஒத்துப்போகிறவற்றை எட்டெட்டாகச் சேர்த்து, அப்படிப் பதின்மூன்று கூட்டம். மொத்தம் நூற்று நாலு செல் சேர்ந்தால் ஒரு பெட்டி. பொருத்தமில்லாத இரண்டைச் சேர்த்தால் பலமானது மெலிந்ததைத் தின்று, கடைசியில் இரண்டும் சூடேறிச் சாகும் என்பார். “லித்தியம் கோவக்காரச் சாமான். பொருத்தம் பாக்காமல் கட்டினா வீடு எரியும்.” அதனால் சார்ஜ் போடுவதும் கிணற்றடியில், மண் நிரப்பிய இரண்டு வாளிகளை இரு பக்கமும் காவலுக்கு வைத்துத்தான். அவருடைய சொந்தக் கல்யாணத்துக்கு யாரும் பொருத்தம் பார்க்கவில்லை என்பதைக் கமலேஸ்வரி மூன்று நான்கு தடவை நினைவூட்டியிருக்கிறார்.

மனிதர்களையும் அவர் இதே மீற்றரால்தான் அளப்பார். இரத்தினசிங்கத்தைப் பற்றி, “பாத்தா முழுச் சார்ஜ் காட்டும். லோட் போட்டா விழுந்திடும்.” ஊர்ப் பெடியன் ஒருவனைப் பற்றி, “கெட்டிக்காரன். ஆனா தனிய விட்டா ஒரு கிழமை தாங்கான்.” பற்றரியை எண்பது வீதத்துக்கு மேல் நிரப்பினால் ஆயுள் குறையும் என்று படித்த பிறகு, சோறும் எண்பது வீதம்தான். இரண்டாம் முறை பரிமாற வந்தால் கோப்பையின் மேல் கையை விரிப்பார். “எண்பது வந்திட்டுது.” கல்யாண வீட்டிலும் இதையே சொல்லுவார். சுற்றி இருப்பவர்கள் அவருக்குச் சீனி வருத்தமென்று நினைத்து, பாயசத்தையும் மறிப்பார்கள்.

அவருடைய கொள்கை இதுதான். “ஒரு வீட்டில ஸ்கூட்டிக்கு ஒரு பற்றரி, ஃபேனுக்கு ஒண்டு, ட்ரில்லுக்கு ஒண்டு, டோச்சுக்கு ஒண்டு. எல்லாம் ஒரே நேரத்திலயோ ஓடுது? ஒண்டு ஓடேக்க மிச்சமெல்லாம் சும்மா கிடந்து சாகுது. ஒரு பெட்டி காணும். கழட்டி மாட்டுறதுதான் வேலை.” கொள்கையில் பிழை சொல்ல முடியாது. கழற்றி மாட்டுவதற்கு வசதியாக எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி மஞ்சள் பிளக். ஒழுங்கையில் உள்ள ஃபேன், தையல் மெஷின், வள்ளத்து விளக்கு எல்லாவற்றுக்கும் தானே போய் அந்த மஞ்சள் பிளக்கைப் பொருத்திக் கொடுத்தார். எந்தப் பெட்டியையும் எதிலும் மாட்டலாம். ஆகவே எந்தப் பெட்டியும் யாருடையதும் இல்லை. ஒரு வீட்டில் புருஷனும் பெண்சாதியும் என்றால், அங்கே புருஷனுடைய கொள்கைக்கு முதலில் வழிவிட வேண்டியது பெண்சாதியின் ஸ்கூட்டி.

கரண்ட் இல்லாத அந்த மாதங்களில் அவர் ஒழுங்கைக்கே ராசா. அவர் கட்டிய பெட்டிகளில் பதினேழு வீட்டு ஃபேன் சுற்றியது. அந்த நாட்களில் கமலேஸ்வரி பத்திரிகையை மடித்து விசிறிக்கொண்டு இருந்தார் என்று அயலில் சொல்லுகிறார்கள். “வீட்டு ஆள்தானே, பொறுப்பா” என்பது பாக்கியரத்தினத்தின் நியாயம். பிறகு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. நாடு மூச்சுவிட்டது. பாக்கியரத்தினத்துக்கு அது சோதனைக் காலம். கேட்டு வருகிறவர்கள் குறைந்தபோது, தானே தேவைகளைத் தேடிப் போனார். சுவரில் பிளக் குத்தத் தெரிந்தவர்களிடம்கூட, குத்தாமல் இருப்பதன் நன்மைகளை எடுத்துச் சொன்னார்.

கமலேஸ்வரிக்கென்று முதல் பெட்டியை அவர் பன்னிரண்டு நாளில் கட்டி முடித்தார். மூடியில் ‘க’ என்று சிவப்புப் பெயின்றால் எழுதினார். அதை ஸ்கூட்டிக்குள் வைத்துவிட்டு நிமிரும்போது பக்கத்து வீட்டு றுமானா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கல்யாண உடுப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது ஒரு நூல்கட்டைதான்.

“நூல் இருக்கட்டும் பிள்ளை, மெஷின் எதில ஓடுது?”

“கரண்டிலதான் மாமா.”

“கரண்ட் போனா?”

“போகல்லையே.”

“போனா?”

பெட்டி மதிலைத் தாண்டிப் போனது. இரண்டாவது பெட்டியை ஹஸன் கேட்டு வந்தார். கணவாய் பிடிக்க வள்ளத்தில் வெளிச்சம் வேண்டும். ஒரு கிழமை என்றார். “ஒரு கிழமைதானே” என்று பாக்கியரத்தினமும் சொன்னார். அந்த ஒரு கிழமையைத்தான் கமலேஸ்வரியும் கேட்டிருந்தார் என்பது அவருக்கு ஹஸனின் மோட்டார்சைக்கிள் முடக்கால் திரும்பிய பிறகே நினைவுக்கு வந்தது. மூன்றாவது, ரியூசன் கொடுக்கும் சிவாஜினி ரீச்சரிடம். அவர் கேட்கவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குப் படம் காட்டினால் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னார்.

மாதங்கள் போயின. றுமானாவுக்கு விசயம் தெரியவந்த அன்று பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து முன்விறாந்தையில் வைத்தாள்.

“மாமா, இது மாமிட பெட்டியாமே. ‘க’ எண்டா கரண்ட் எண்டெல்லோ நான் நினைச்ச. தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டன்.”

“பரவாயில்லைப் பிள்ளை, வேலை முடிஞ்சு தந்தாக் காணும்.”

“வேலை எப்பவும் முடியாது மாமா. மாமி எப்ப வாறா?”

“பெட்டி ஒரு கிழமை நிண்டா வருவா.”

“அப்ப நிப்பாட்டுங்களன். கால் முளைச்சா நடக்குது? நீங்கதானே தூக்கிக் குடுக்கிறீங்க.”

அவர் மீற்றரை எடுத்து அவள் கொண்டுவந்த பெட்டியை அளந்தார். நன்றாகவே வைத்திருந்தாள் என்று அதை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் சொன்னதைப் பற்றி அன்று பின்னேரம் முழுக்க யோசித்தார். அடுத்த நாள் காலை மூதூரிலிருந்து ஹஸனின் மச்சான் வந்து நின்றார். வயல் காவல் குடிலுக்கு ஒரு விளக்கு வேண்டுமாம்; நாலாவது பெட்டி அவரோடு போனது.

இதற்குள் சமையல் அவர் கைக்கு வந்திருந்தது. பாணும் பருப்பும், அடுத்த நாள் பருப்பும் பாணும். குசினியில் கமலேஸ்வரியின் தேங்காய்த் துருவலைக்கு ஒரு மோட்டார் பூட்டி மஞ்சள் பிளக் வைத்தார். பெட்டி வீட்டில் இல்லாததால் அது ஒருநாளும் ஓடவில்லை. கையால் சுற்றும் பிடியைக் கழற்றிவிட்டதால் கையாலும் துருவ முடியவில்லை. சம்பல் இல்லாமல் பாண் தின்றார். கல்லடிக்குக் கோல் எடுத்தால் தங்கைதான் பேசுவார். “அக்கா குளிக்கிறா அத்தான்.” எந்த நேரம் எடுத்தாலும் அக்கா குளித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது பெட்டியை அவர் இந்த ஆனி மாதம் கட்டி முடித்தார். இம்முறை மூடியில் ஒன்றும் எழுதவில்லை. ஸ்கூட்டிக்குள் வைத்து, இருக்கையைப் பூட்டி, திறப்பைச் சாமிப்படத்தட்டில் வைத்தார். அன்று பின்னேரம் இருக்கையைத் திறந்து ஒரு படம் எடுத்து, மனைவிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார். கீழே, “முதலாம் நாள்.” சற்று நேரத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அடுத்த நாள், “இரண்டாம் நாள்.” நீலக் கோடு. ஹஸன் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து, இன்னொரு பெட்டி சேர்த்துக் கிடைக்குமோ என்று கேட்டபோது, பாக்கியரத்தினம் அந்தப் பெட்டியையே மறுபடி அவர் கையில் கொடுத்து, ஸ்கூட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான்காம் நாள் சிவாஜினி ரீச்சர் ஒழுங்கையால் வரக் கண்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் படம் அனுப்பியபோது நீலக் கோடு உடனேயே விழுந்தது. அவர் அதை அளந்து பார்க்க முடியாமல் நெடுநேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் காலை இரத்தினசிங்கம் வந்தார். வேட்டி, சால்வை, கையில் அழைப்பிதழ்.

“பாக்கியம், இண்டைக்குப் பின்னேரம் உமக்குக் கௌரவம். சங்கத்தால பொன்னாடை போடுறம். மறந்திட மாட்டீர்தானே?”

“என்னத்துக்கு எனக்கு?”

“பகிர்ந்து வாழுறதுக்கு. கொழும்பிலயிருந்து ஒரு நிறுவனத்து ஆக்களும் வருகினம். மைக் உம்மட பெட்டியிலதான் ஓட வேணும். அதுதான் சிறப்பு. பனரில அடிச்சும் போட்டம்.”

“முன் வீட்டில பிளக் இருக்குது, வயர் இழுக்கலாமே.”

“கரண்டில ஓடுற மைக்கில உம்மட பெட்டியைப் பற்றிக் கதைக்கிறதோ? ஆக்கள் சிரிக்காயினமோ?”

“வேற பெட்டியொண்டும் வீட்டில இல்லை.”

இரத்தினசிங்கம் ஸ்கூட்டியைப் பார்த்தார். பாக்கியரத்தினமும் பார்த்தார்.

“ரெண்டு மணித்தியாலம்,” என்றார் இரத்தினசிங்கம்.

ரெண்டு மணித்தியாலம். விழா முடிந்ததும் கொண்டுவந்து உள்ளே வைத்து, இருட்ட முதல் படம் எடுத்து, “ஆறாம் நாள்” என்று அனுப்பிவிடலாம். படத்தில் மணி தெரியாது. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பெண்சாதிக்குச் சொல்லத் தயாரான முதலாவது பொய் அதுவாக இருக்கலாம். ஒரு கொள்கைக்காகவும் இல்லை, ஒரு பொன்னாடைக்காக. சாமிப்படத்தட்டில் திறப்பை எடுக்கும்போது அவர் படங்களைப் பார்க்கவில்லை.

பின்னேரம் நாலு மணிக்கு ஒழுங்கையின் நடுவில் தகரப் பந்தல். மேடையில் ஐந்து பிளாஸ்ரிக் கதிரை. பனரில் பாக்கியரத்தினத்தின் படம், துறைமுக அடையாள அட்டையிலிருந்து எடுத்தது, முப்பது வயது குறைந்து இருந்தது. பெட்டி மேசைக்குக் கீழே எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டு, அதற்கும் ஒரு மாலை போடப்பட்டிருந்தது. கொழும்பிலிருந்து வந்த பெண் ஒருவர் அதைப் படம் எடுத்தார். றுமானா மூன்றாவது வரிசையில் இருந்தாள். மாலை போட்ட பெட்டியைப் பார்த்தாள். பிறகு மேடையில் இருந்தவரைப் பார்த்தாள். பாக்கியரத்தினம் நெற்றிக் கண்ணாடியை இறக்கி மூக்கில் போட்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

பொன்னாடை போட்டார்கள். கை தட்டினார்கள். இரத்தினசிங்கம் மைக்கைப் பிடித்தார். அவர் மைக்கைப் பிடித்தால் விடுவதற்குக் காலம் எடுக்கும் என்பது ஊருக்குத் தெரியும். பாரியிலிருந்து தொடங்கினார். கர்ணனுக்கு வந்தார். அங்கிருந்து பாலையூற்றுக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போது, பாக்கியரத்தினத்தின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

கமலேஸ்வரியின் பெயர். பத்து மாதத்தில் அவரிடமிருந்து வந்த முதலாவது செய்தி.

“ஏழு நாள் எண்டு சொன்னனான். ஆறு காணும். பஸ் மூதூர் தாண்டியிட்டுது. இன்னும் ஒரு மணித்தியாலத்தில ஸ்ராண்டில இறங்குவன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ, நான்தான் வீட்டுக்கு ஓடுவன். பெட்டி உள்ள இருக்குதெண்டா ஓமெண்டு போடுங்கோ. இல்லாட்டி அப்பிடியே அடுத்த பஸ்ஸில திரும்புறன். கோவமில்லை.”

அவர் அதை இரண்டு கண்ணாடியாலும் ஒவ்வொரு தடவை வாசித்தார்.

“தனக்கென்று ஒன்றை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்,” என்று மைக் ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது. “கேட்டவருக்கு இல்லையென்று சொல்லி அறியாதவர். அவருடைய வீட்டுக் கதவு...”

பாக்கியரத்தினம் ஒரு விரலால் ஓம் என்று எழுதி அனுப்பினார். பிறகு பொன்னாடையோடு எழுந்து, தலைவர் அவரைத்தான் கைகூப்பி அழைக்கிறார் என்று நினைத்த கூட்டம் கை தட்டத் தொடங்க, மேசைக்குக் கீழே குனிந்து மஞ்சள் பிளக்கை இழுத்தார்.